அத்தியாயம் 6: கொச்சிக்கு ஒரு சிறிய ஜெட் – பழைய விமானம் வாங்கும் முன்

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் தொழில் செய்கிறவருடைய பயணங்கள் ஒரு தனி ரகம். மிளகாய்க்குக் குண்டூர், சீரகத்துக்குக் குஜராத்தின் ஊஞ்ஜா, மஞ்சளுக்கு ஈரோடும் நிஜாமாபாத்தும், ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூரும் வண்டன்மேடும், பணத்துக்கும் ஏற்றுமதிப் பேச்சுக்கும் மும்பை. இவற்றில் பல ஊர்களில் விமான நிலையமே இல்லை. பக்கத்து நகரத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் போக வேண்டும். கொச்சியிலிருந்து அந்தப் பக்கத்து நகரத்துக்கும் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ விமானம் மாறித்தான் போக வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் செலவாகிறது. ஏற்றுமதி பெருத்த ஒரு குடும்பத்தில் அடுத்த தலைமுறை ‘நமக்கே ஒரு சிறிய ஜெட் இருந்தால் என்ன?’ என்று கேட்பது இங்கிருந்துதான்.

அந்தக் கேள்வியை வசதிக்கான கேள்வியாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம். பழைய ஜெட் விமானத்தில் விலை என்பது முதல் தவணை மட்டுமே. நீங்கள் உண்மையில் வாங்குவது அதன் பராமரிப்புப் பதிவேடுகளையும் இனி வரப்போகும் பராமரிப்பையும்தான். நம் கரையில் வாங்குகிறவருக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு: ஜூன் மாத மழையில் அது எங்கே இறங்கும், உப்புக் காற்றில் அது எங்கே நிற்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் இருக்கையின் தோலையும் உள்ளலங்காரத்தையும் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பயணக் கணக்கு முதலில்

கடந்த ஒரு வருடத்தில் நீங்களும் உங்கள் மேலாளர்களும் போன பயணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்பது போதும். பிறகு கொச்சி விமான நிலையமான நெடும்பாசேரியிலிருந்து நேர்கோட்டுத் தொலைவைப் பக்கத்தில் குறியுங்கள். கோயம்புத்தூர் சுமார் 120 கிலோமீட்டர், மதுரை 185, பெங்களூர் 365, கொழும்பு 505, சென்னை 515, மாலே 730, ஹைதராபாத் 815, விஜயவாடா 850, மும்பை 1,060, அகமதாபாத் 1,490, டெல்லி 2,045.

இந்த வரிசையைப் பார்த்தாலே பல வீடுகளில் பேச்சு மாறிவிடும். கோயம்புத்தூருக்கு ஜெட் வேண்டாம். மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரிக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கோஸ்ரீ பாலங்களும் வல்லார்பாடம் கண்டெய்னர் சாலையும் வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், அந்தச் சாலை நேரத்தையும் கணக்கில் சேருங்கள். 1999 வரை கொச்சியின் விமான நிலையம் பாலத்துக்கு அப்பால், வில்லிங்டன் தீவில் இருந்தது. அப்போது மட்டாஞ்சேரி வியாபாரிக்கு விமானம் வாசல் பக்கம். இப்போது அந்த இடம் ஐ.என்.எஸ். கருடா என்னும் கடற்படைத் தளம். தனியார் விமானத்தை அங்கே வழக்கமாக இறக்கலாம் என்ற நினைப்பில் யாரும் திட்டமிட வேண்டாம்.

உங்கள் பயணங்களில் பெரும்பகுதி 500 கிலோமீட்டருக்குள் என்றால், ஜெட்டை விட்டுவிட்டு டர்போப்ராப் பக்கம் பாருங்கள் என்பதே என் கருத்து. பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200 மணிக்கு 530 கிலோமீட்டர் அளவில் போகும். ஃபீனம் 100 போன்ற ஜெட் 720 அளவில் போகும். சென்னைக்குப் போனால் கால்மணி நேரம் மிச்சமாகும். அந்தக் கால்மணி நேரத்துக்காகக் குறுகிய ஓடுபாதைகளில் இறங்கும் வசதியை இழக்கிறீர்கள். மும்பை, அகமதாபாத், விஜயவாடா என்று 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணங்கள் வாரந்தோறும் இருந்தால்தான் ஜெட்டுக்கு நியாயம் கிடைக்கும்.

ஆண்டுக்கு 150 முதல் 200 மணி நேரம் வரை பறக்காத குடும்பம் விமானம் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கட்டும். இது என் கணக்கு, சட்டமல்ல. இரண்டு விமானிகளின் சம்பளம், காப்பீடு, நிறுத்துமிடம், பராமரிப்பு மேலாண்மை, பயிற்சி எல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் தவறாமல் வரும் செலவுகள். வாங்குவதென்று முடிவு செய்திருந்தாலும், நீங்கள் நினைக்கும் அதே ரக விமானத்தை ஒரு மழைக்காலம் முழுவதும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எந்த விளம்பரப் புத்தகமும் சொல்லித்தராததை அந்த நான்கு மாதம் சொல்லித்தரும்.

மழையும் ஓடுபாதையும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படிக்கட்டும்.

விற்பவர் தரும் தாளில் ‘இறங்கத் தேவையான தூரம்’ என்று ஓர் எண் இருக்கும். புதிய பிரேக், காய்ந்த ஓடுபாதை, பயிற்சி பெற்ற சோதனை விமானி என்ற நிலையில் எடுத்த எண் அது. வாடகைச் சேவையில் ஓடும் ஜெட் விமானத்துக்கு உலகெங்கும் உள்ள நடைமுறை வேறு. இருக்கும் ஓடுபாதையில் 60 விழுக்காட்டுக்குள் நின்றுவிட முடியும் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஓடுபாதை ஈரமாக இருந்தால் அதன் மேல் இன்னும் 15 விழுக்காடு சேர்க்க வேண்டும். ஒரு விமானத்தின் அட்டவணை எண் 820 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நாளில் அதற்கு 1,367 மீட்டர் ஓடுபாதை வேண்டும். மழை நாளில் 1,572 மீட்டர்.

இப்போது நம் பக்கத்து ஓடுபாதைகளோடு ஒப்பிடுங்கள். நெடும்பாசேரியில் 3,400 மீட்டர், கவலையில்லை. கண்ணூர் 3,050, திருவனந்தபுரம் ஏறத்தாழ 3,400, மதுரை 2,285, இவையும் போதும். சேலம் 1,806, மைசூரு 1,740. மழையிலும் இறங்கலாம், ஆனால் தவறுக்கு இடம் குறைவு. புதுச்சேரி 1,502, நம் உதாரண விமானத்துக்கு மழை நாளில் கதவு மூடியது. லட்சத்தீவின் அகத்தியில் 1,204 மீட்டர்தான். வெயில் நாளிலும் இல்லை. கொச்சியிலிருந்து அகத்திக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்ற ஆசையில் ஜெட் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கு மட்டும் பறக்கும் விமானத்துக்கு இந்தக் கூடுதல் கணக்கு கட்டாயமில்லை என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் வீட்டார். வாடகை விமானத்துக்கு உள்ள அதே கணக்கை உங்கள் விமானத்துக்கும் எழுத்தில் விதியாக வையுங்கள்.

இந்தக் கரையில் இது ஏட்டுக் கணக்கல்ல. 2010 மே 22 அன்று மங்களூரில் மலைமேல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த விமானத்தில் 158 பேர் மாண்டார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோடு கரிப்பூரில், மழையில், பின்காற்றோடு, ஓடுபாதையின் ஏறத்தாழ பாதியைக் கடந்த பிறகு தரை தொட்ட விமானமும் அப்படியே விழுந்தது. இரண்டும் பெரிய விமானங்கள், பெரிய நிறுவனம், அனுபவமுள்ள விமானிகள். சிறிய ஜெட்டுக்கான பாடம் 2023 செப்டம்பர் 14 அன்று மும்பையில் கிடைத்தது: விசாகப்பட்டினத்திலிருந்து வந்த லியர்ஜெட் 45 ஒன்று கனமழையில் இறங்கும்போது ஓடுபாதையிலிருந்து விலகி உடைந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவே ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்துக்கு முன்னால் பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள். எஞ்சின் உந்துதலைத் திருப்பி விமானத்தை நிறுத்த உதவும் ரிவர்சர் பெரும்பாலான சிறிய ஜெட்களில் இல்லை. ஃபீனம் 100-இல் இல்லை, செஸ்னா மஸ்டாங்கில் இல்லை. செஸ்னாவின் சி.ஜே. வரிசையில் உந்துதலைக் குறைக்கும் தகடுகள் உண்டு, முழு ரிவர்சர் இல்லை. ஃபீனம் 100-இன் முதல் ஆண்டுத் தயாரிப்புகளில் பிரேக் பிடிப்பு பற்றி விமானிகள் புகார் சொன்னார்கள். ஓடுபாதையைத் தாண்டிய சம்பவங்களும் நடந்தன. தயாரிப்பாளர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியை மேம்படுத்தினார். 2013-இல் அறிவிக்கப்பட்ட 100இ ரகத்தில் இறக்கையில் ஸ்பாய்லர்களும் வந்தன. 2009, 2010 தயாரிப்பு ஒன்றைப் பார்க்கிறீர்களா? அந்த மேம்பாடுகள் முழுவதும் செய்யப்பட்டதற்கான கையொப்பமிட்ட பதிவைக் கேளுங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் கொச்சிக்கு அந்த விமானம் வேண்டாம்.

எந்த ரகம்

இந்தியாவில் ஏற்கெனவே பறக்கும் ரகமாகப் பாருங்கள். அந்த ரகத்துக்கு உரிமம் பெற்ற விமானிகள் கிடைப்பார்கள், கையெழுத்திடத் தகுதியுள்ள பொறியாளர்கள் கிடைப்பார்கள், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அதை முன்பே ஏற்றிருக்கும். திருச்சூரின் நகை வணிகக் குழுமங்களான கல்யாணும் ஜோயாலுக்காஸும் ஃபீனம் 100 வைத்திருந்தவை. அதனால் நெடும்பாசேரிக்கு அந்த ரகம் புதிதல்ல. விமானியையும் சேர்த்து நான்கு பேரோடு அதன் எட்டும் தூரம் 1,178 கடல் மைல், அதாவது சுமார் 2,180 கிலோமீட்டர். டெல்லி 2,045 என்று பார்த்து மகிழ வேண்டாம். தொட்டியை முழுக்க நிரப்பினால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றுவது கடினம். ஜனவரி மூடுபனியில் டெல்லி மூடினால் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ போக எரிபொருள் மீதம் வேண்டும். இந்த விமானத்தை மும்பை, அகமதாபாத் வரைக்கான விமானமாக நினைத்து வாங்குங்கள். டெல்லிக்கு நாக்பூரிலோ ஹைதராபாத்திலோ ஒரு நிறுத்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங் 2006 முதல் 2017 வரை 479 தயாரிக்கப்பட்டது. எளிமையானது, எரிபொருள் சிக்கனம், ஆனால் வேகம் குறைவு. சி.ஜே.2+ இதைவிடப் பெரியது. நான்கைந்து பேரோடு அகமதாபாத் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான். ஃபீனம் 300 இவை எல்லாவற்றையும் விட நல்ல விமானம். விலையும் அதற்கேற்றாற்போல் பல மடங்கு.

சந்தையில் ஹாக்கர் பீச்கிராஃப்ட் பிரீமியர் 1ஏ மலிவாகத் தென்படும். நல்ல வேகம், அகலமான உட்புறம், ஈர்க்கும் விலை. அதைத் தயாரித்த நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. மறு ஆண்டு மீண்டு வந்தபோது ஜெட் தயாரிப்பையே கைவிட்டது. உடலின் கூட்டுப்பொருள் பழுதுக்கு ஆள் தேட வேண்டும், பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும், ஓடுபாதையும் நீளமாக வேண்டும். கையில் சொந்தப் பராமரிப்புக் குழு உள்ள பெரிய நிறுவனத்துக்கு அது சரி. ஒரே ஒரு விமானம் வைக்கப்போகும் மட்டாஞ்சேரிக் குடும்பத்துக்குச் சரியல்ல.

பதிவேடுகள்

நகைக்கடைக்காரருக்கு ஹால்மார்க் எப்படியோ, விமானத்துக்கு லாக் புக் அப்படி. விமான உடலுக்கு ஒன்று, ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் இன்று வரை ஒரு பக்கம்கூட விடுபடாமல் மூலப்பிரதி இருக்க வேண்டும். ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகமும் பிறந்த இடத்திலிருந்து இந்த விமானத்தில் பொருத்தப்பட்ட நாள் வரை எங்கே இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது, ‘கணினியில் எல்லாம் இருக்கிறது’ என்று சொன்னால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு வேறு விமானம் பாருங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவரும் இதையே செய்வார்.

மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ‘பன்னிரண்டு ஆண்டில் 1,100 மணி நேரம்தான் பறந்தது’ என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடப் பறக்காமல் ஈரக்காற்றில் நின்ற எஞ்சினைவிட, இருநூறு மணி நேரம் ஒழுங்காகப் பறந்து ஒழுங்காகக் கழுவப்பட்ட எஞ்சின் மேல். தவிர, பல பரிசோதனைகள் மணிக்கணக்கில் அல்ல, நாள்காட்டிக் கணக்கில் வருகின்றன. பத்தாம் ஆண்டுப் பரிசோதனை எப்போது முடிந்தது, சக்கரத் தொகுதியின் முழுச் சீரமைப்பு எப்போது வருகிறது என்று கேளுங்கள். அடுத்த பதினெட்டு மாதத்தில் வரப்போகும் வேலைகளின் பட்டியலையும் ஒவ்வொன்றின் செலவையும் ஒரு தாளில் வாங்கி, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

எஞ்சினே விமானத்தின் பாதி விலை என்று வைத்துக்கொள்ளலாம். ஃபீனம் 100-இன் பிராட் அண்ட் விட்னி கனடா பி.டபிள்யூ.617எஃப்-ஈ எஞ்சினுக்கு 3,500 மணியில் முழுச் சீரமைப்பு. அதில் பாதியான 1,750 மணியில் சூடான பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். 1,600 மணி ஓடிய எஞ்சின்களோடு ஒரு விமானம் மலிவாக வருகிறதென்றால் ஏன் வருகிறது என்று இப்போது புரியும். இதற்காகத்தான் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் எஞ்சின் திட்டங்கள் இருக்கின்றன: பிராட் அண்ட் விட்னியின் ஈ.எஸ்.பி., வில்லியம்ஸின் டாப் ப்ளூ, எல்லா எஞ்சினுக்கும் சேவை தரும் ஜே.எஸ்.எஸ்.ஐ. விமானம் அப்படி ஒரு திட்டத்தில் இருக்கிறதா, பாக்கி இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா, புதிய உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதை விற்பவரிடம் கேட்க வேண்டாம். திட்டம் நடத்தும் நிறுவனத்திடமிருந்தே கடிதம் வாங்குங்கள். திட்டத்தில் இல்லாத எஞ்சின் கொண்ட விமானத்தை ஒரே ஒரு விமானம் வைக்கிறவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு பறவை எஞ்சினுக்குள் போனால் அந்த ஆண்டு லாபமே போய்விடும்.

வாங்கும் முன் பரிசோதனையை விற்பவருடைய வழக்கமான பட்டறையில் செய்யக் கூடாது. அந்த ரகத்தின் தயாரிப்பாளர் அங்கீகரித்த, விற்பவரோடு தொடர்பில்லாத மையத்தில் செய்யுங்கள். உங்கள் சார்பில் ஒரு பொறியாளர் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அங்கேயே இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் போரோஸ்கோப் விட்டுப் பார்ப்பது, எரிபொருள் தொட்டியின் உட்புறம், தரை விரிப்புக்கும் கழிவறைக்கும் அடியில் உள்ள உலோகம், கதவு ஓரங்கள், இறக்கை அடிப்பகுதி இணைப்புகள் இவற்றைத் துரு இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். புளோரிடா கரையிலோ வளைகுடாவிலோ ஆண்டுக்கணக்காக நின்ற விமானம் என்றால் இரட்டிப்புக் கவனம். கடைசியில் ஒரு சோதனைப் பறப்பு. 41,000 அடிக்கு ஏற்றி, உள் அழுத்தம் நிற்கிறதா, குளிரூட்டி வேலை செய்கிறதா என்று பாருங்கள். கொலராடோ குளிரில் நன்றாக வேலை செய்த குளிரூட்டி நெடும்பாசேரியின் ஏப்ரல் மதியத்தில் தோற்றுப்போகலாம்.

காகிதங்கள், வரி

பெரும்பாலான பழைய சிறிய ஜெட்கள் அமெரிக்காவிலிருந்து வரும். அங்கே உரிமைப் பதிவு ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. உரிமை வரலாற்றையும் கடன் பாக்கிகளையும் தேடித்தரும் நிறுவனங்களும், பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ நிறுவனங்களும் அங்கேயே இருக்கின்றன. கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-இல் சேர்ந்துவிட்டது. எனவே அந்த உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவேட்டிலும் விமானத்தின் மேல் யாருக்கும் உரிமை கோரிக்கை இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். முன்பணம் எஸ்க்ரோவில் மட்டும். தரகர் கணக்கில் ஒரு டாலர்கூடப் போடக் கூடாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் அனுமதி பற்றி உங்கள் வங்கியோடு விருப்பக் கடிதம் எழுதும் முன்பே பேசிவிடுங்கள். நெருக்கடி நேரத்தில் அங்கேதான் தாமதமாகும்.

இந்தியப் பக்கத்தில் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்துக்கு பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் வந்துவிட்டது. இறக்குமதி அனுமதி, வி.டி. எழுத்துகளோடு பதிவு, பறப்புத் தகுதிச் சான்று எல்லாம் டி.ஜி.சி.ஏ.வின் இணையத் தளம் வழியாகவே. பழைய விமானத்தை இறக்குமதி செய்ய வயது, ஏறி இறங்கிய எண்ணிக்கை ஆகியவற்றில் வரம்பு உண்டு. அந்த வரம்பு திருத்தப்பட்டுக்கொண்டே வருவதால், முன்பணத்துக்கு முன் அன்றைய விதியைப் படியெடுத்துக் கோப்பில் வையுங்கள். வரம்பைத் தொட்டு நிற்கும் விமானத்தை விட்டுவிடுங்கள். அனுமதி வருவதற்குள் அதன் பிறந்தநாள் வந்துவிடக் கூடாது.

2021 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பதிவாகும் விமானங்களில் ககன் செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கான கருவி வேண்டும். 29,000 முதல் 41,000 அடி வரை ஆயிரம் அடி இடைவெளியில் பறப்பதற்கான ஆர்.வி.எஸ்.எம். அனுமதியை உங்கள் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். அது வரும்வரை 29,000 அடிக்குக் கீழேதான். அங்கே சிறிய ஜெட் எரிபொருளைக் குடிக்கும், அகமதாபாத் எட்டாத ஊராகிவிடும். கருவி மாற்றங்களை அமெரிக்காவிலேயே முடித்துக் கொண்டுவருவது செலவும் நேரமும் குறைவு.

அடுத்தது பெரிய முடிவு: சொந்த உபயோகமா, வாடகை அனுமதியா? 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, மற்றவற்றுக்கு 5. இருபது கோடி ரூபாய் விமானத்தில் இந்த வேறுபாடே ஏழு கோடி. இதைப் பார்த்ததும் என்.எஸ்.ஓ.பி. என்னும் வாடகை அனுமதியில் காகிதத்துக்காக விமானத்தைப் போட்டுவிட்டு வீட்டார் மட்டும் பறக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் வருவார்கள். 2007-இல் தொடங்கிய சுங்க விலக்கைப் பயன்படுத்தி அப்படிப் பறந்த பல நிறுவனங்களுக்குச் சுங்கத் துறை நோட்டீஸ் அனுப்பியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னால் உண்மையாகவே விடுங்கள். வெளியாருக்குப் பறந்த ஒவ்வொரு பயணத்துக்கும் ரசீதும் பயணிகள் பட்டியலும் வையுங்கள்.

புதிதாக அனுமதி வாங்கி, பொறுப்பு மேலாளர், பாதுகாப்புத் தலைவர், பயிற்சித் தலைவர் என்று ஓர் அலுவலகத்தை நிறுவுவதைவிட, ஏற்கெனவே அதே ரக விமானங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தின் அனுமதியில் உங்கள் விமானத்தைச் சேர்ப்பது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நல்லது. உங்களுக்குத் தேவைப்படாத நாட்களில் அவர்கள் வாடகைக்கு விடுவார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை விட்டுவிடக் கூடாது: எஞ்சின் திட்டக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், லாக் புக் யார் கையில் இருக்கும்.

கொண்டுவருதல், நிறுத்துமிடம், விமானிகள்

சிறிய ஜெட் அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் தாண்டாது. கனடாவின் கூஸ் பே, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஐரோப்பா, எகிப்து அல்லது வளைகுடா என்று தத்தித் தத்தி மஸ்கட் வந்து, அங்கிருந்து மும்பையோ அகமதாபாத்தோ வந்து சேரும். இதற்கென உள்ள விமானிகளிடமே விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிரீன்லாந்து வழி வேண்டாம். விமானம் வந்து சேரும் நாளிலிருந்து காப்பீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். புறப்படும் நாளிலிருந்தே இருந்தால் இன்னும் நல்லது.

நெடும்பாசேரியில் 2022 டிசம்பர் 10 அன்று தனி வணிக ஜெட் முனையம் திறக்கப்பட்டது. 40,000 சதுர அடி. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் அங்கேயே. மாலேக்கோ கொழும்புக்கோ போகிற ஏற்றுமதியாளருக்கு இது பெரிய உதவி. ஆனால் முனையம் வேறு, இரவில் விமானம் நிற்கும் கூரை வேறு. கூரையுள்ள இடத்தை எழுத்தில் வாங்கிய பிறகே விமானத்தை வாங்குங்கள். திறந்த வெளியில் ஒரு மழைக்காலம் நின்றால் ஜன்னல் விளிம்புகளிலும் மின் இணைப்புகளிலும் ஈரம் புகும். வாரத்துக்கு ஒரு முறையாவது எஞ்சினை ஓட்ட வேண்டும். கடலோர நிலையங்களுக்கு எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் உப்பு நீக்கும் கழுவலை அட்டவணைப்படி செய்ய வேண்டும். பெரிய பரிசோதனைக்குப் பெங்களூர் பக்கமோ மும்பைக்கோ போக வேண்டிவரலாம். அந்தப் பறப்பையும் செலவில் சேருங்கள்.

வெள்ளத்தை மறந்துவிட வேண்டாம். 2018 ஆகஸ்ட் 15 அன்று பெரியாற்று வெள்ளத்தில் மூடிய நெடும்பாசேரி ஆகஸ்ட் 29 அன்றுதான் திறந்தது. இடையில் ஆகஸ்ட் 20 முதல் வில்லிங்டன் தீவின் கடற்படை ஓடுபாதையில் சிறிய பயணிகள் விமானங்கள் இறங்கின. மறு ஆண்டு ஆகஸ்டிலும் இரண்டு நாள் மூடியது. மழை கனக்கும் என்று வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் விமானத்தைக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ முன்கூட்டியே நகர்த்தும் பொறுப்பு யாருடையது, அந்தச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெள்ள நாளில் விமானியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

விமானிகள் இருவர். ஃபீனமும் மஸ்டாங்கும் தனி விமானியோடு பறக்கச் சான்று பெற்றவை என்று சொல்லிச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க யோசனை சொல்வார்கள். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் கெய்த்தர்ஸ்பர்க்கில் தனி விமானியோடு வந்த ஒரு ஃபீனம் 100, உறைபனி நீக்கும் கருவியை இயக்காததால் வேகமிழந்து வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் மூவரும் வீட்டில் ஒரு தாயும் இரண்டு குழந்தைகளுமாக ஆறு பேர் இறந்தார்கள். பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருந்திருந்தால் சரிபார்க்கும் பட்டியலைப் படித்திருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது.

தலைமை விமானியை விமானம் வாங்கும் முன்பே வேலைக்கு எடுங்கள். ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர் சொல்லுக்கு எடை கொடுங்கள். இந்த ரகங்களுக்கான சிமுலேட்டர் பயிற்சிக்குப் பெரும்பாலும் வெளிநாடு அனுப்ப வேண்டிவரும். ஆண்டுக்கு ஒரு முறை இருவரையும் மே மாதத்துக்குள் அனுப்பி, ஈர ஓடுபாதை, குறுக்குக்காற்று, இறங்காமல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றைப் பயிற்சியில் கேட்டுச் சேருங்கள். அவர்களுடைய நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: வானிலை காரணமாகப் பறக்க மறுத்தாலும், வேறு ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனாலும், அதற்காக விளக்கம் கேட்கப்படாது, சம்பளத்தில் கை வைக்கப்படாது. குண்டூரில் சந்தை தொடங்கிவிட்டது என்று முதலாளி பின்னிருக்கையிலிருந்து அவசரப்படுத்தும் காலையில், அந்தக் கடிதம் விமானியின் பையில் இருக்க வேண்டும்.